மூன்று குச்சி மிச்சம்

வேளச்சேரி,
12.12.2023

அன்புள்ள சேகர்,

விடாமல் கூப்பிட்டிருக்கிறாய். போன் நாலாம் தேதி ராத்திரியே அணைந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகும் உன்னைக் கூப்பிடாதது என் தப்பு. ஆனால் இது போனில் சொல்லித் தீராது. எல்லோரும் நலம். ஸ்கூட்டர் போச்சு. அம்மா உன்னை விசாரித்தாள்.

மிக்ஜாம் புயல் தண்ணீர் கீழ்வீட்டில் இடுப்பளவு நின்றது. கீழே இருந்த இரண்டு குடும்பமும் எங்களோடு மேலே. எதிர்வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு, கரண்ட் இல்லாமல் அது வெறும் பலகை. நாலு குடும்பத்துக்கும் எங்கள் ஒரே சிலிண்டர். ஆறாம் தேதி காலை அதுவும் தீர்ந்தது. கீழ்வீட்டுக் குழந்தைக்கு ஐந்து மாதம். பால் எங்கேயும் கிடைக்கவில்லை. பவுடர் இருக்கிறது, கரைக்கக் கொதித்த தண்ணீர் இல்லை.

நாமெல்லாம் லைட்டருக்குப் பழகிவிட்டோம். கேஸ் இல்லாவிட்டால் அந்தப் பொறியில் ஒரு காகிதம்கூடப் பற்றாது. பூஜை அலமாரியில் தேடி ஒரு தீப்பெட்டி எடுத்தோம். உள்ளே ஐந்து குச்சி. 2021 டிசம்பரிலிருந்து பெட்டி 2 ரூபாய், அதை இரண்டாக வாங்கி வைக்கத் தோன்றவில்லை பார்.

மழை விட்டிருந்தது. மொட்டைமாடி முழுக்க ஈரம், காற்று வேறு. முதல் குச்சி உரசியதுமே அணைந்தது. இரண்டாவதை ஒரு முழு பேப்பருக்குக் காட்டினேன், ஓரம் கருகி நின்றுவிட்டது. மூன்றாவதை எடுக்கும்போது கீழ்வீட்டுப் பாட்டி கையைப் பிடித்தார். திண்டிவனம் பக்கத்துக்காரர். “இருப்பா. கொளுத்தறது கடைசி வேல.”

பெட்டியை வாங்கித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். உரசுகிற பட்டையில் இருப்பது பாஸ்பரஸ், நமத்துப்போனால் பொறி வராமல் உரிந்துகொண்டு வந்துவிடும். உடம்புச் சூட்டில் அது காய்ந்துகொண்டிருக்க, முக்கால் மணி நேரம் எங்களை வேலை வாங்கினார். மூன்று செங்கல், நடுவில் ஓட்டுத்துண்டு, விறகு ஈரத்தரையில் படக் கூடாது. அடுப்பின் வாய் காற்று வரும் பக்கம். தேங்காய் நாரைப் பிரித்துப் பஞ்சு மாதிரி ஆக்கினோம். பழைய துடைப்பத்து ஈர்க்கு, அப்புறம் கொட்டாங்கச்சி. நனைந்த கட்டிலின் காலை அரிவாளால் பிளக்கச் சொன்னார். பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று காய்ந்த மரம்! அதைச் சீவிச் சிராயாக எடுத்தோம். மாடிப்படி அறைக்குள்ளேயே மூட்டலாமே என்றார் எதிர்வீட்டுக்காரர். கதவை அடைத்துப் புகைபோட்டால் ஆளே போய்விடுவான் என்று பாட்டி ஒரே அதட்டு.

எல்லாம் ஆன பிறகும் அவர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை சேகர். படிக்கட்டு மறைவில் ஓர் அகல்விளக்கு, நல்லெண்ணெய், திரி. காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். குச்சியை உரசி அதன் தலையைக் கீழே சாய்த்தார், தீ மரத்தில் ஏறி வந்தது. உள்ளங்கைக் குகைக்குள் அது நிலைக்கும்வரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டுத் திரியில் வைத்தார். “இனிமே குச்சி எதுக்கு?” விளக்கிலிருந்து காகிதச் சுருள், சுருளிலிருந்து நாருக்கு அடியில் வைத்திருந்த கற்பூரம். கொட்டாங்கச்சி பிடித்ததும் அடுப்பு சடசடவென்று எரிந்தது. பால் பவுடரைக் கரைத்து ஆற்றிக் கொடுத்ததும் குழந்தை குடித்துவிட்டு அப்படியே தூங்கிற்று. அதன் அம்மா சுவரோரம் திரும்பி நின்று அழுதாள். கரண்ட் வரும்வரை அந்த விளக்கை முறைவைத்துக் காத்தோம்.

ஏற்காடு கேம்ப்பில் ஒரு பெட்டியையே தீர்த்து, கடைசியில் உப்புமா இல்லாமல் படுக்கவைத்தாயே, உனக்கு இந்தப் பாட்டி அன்றைக்குக் கிடைத்திருக்கணும்!

2011-இல் தானே புயல் போனபிறகு, கடலூரில் பத்து நாள் இருட்டில் கிடந்ததை நீ ஆறு பக்கம் எழுதினாய். நான் ஒரு கார்டில் பதில் போட்டேன். அந்தக் கடிதத்தை நேற்று தேடி எடுத்து முழுக்கப் படித்தேன். என்னை மன்னித்துக்கொள்.

ஒன்று செய். இன்றைக்கே பத்துத் தீப்பெட்டி வாங்கி, மூடி இறுகும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பரண்மேல் வை. குச்சி மட்டுமல்ல, பட்டையும் உள்ளே இருக்கணும். கூட நாலு கற்பூரம், ஒரு அகல். வாங்கினதும் எனக்கு ஒரு வரி எழுது, மறக்காதே.

பொங்கலுக்கு நீயும் சித்ராவும் இங்கே வாருங்கள். பாட்டி அதுவரை எங்களோடுதான். மிச்சமான இரண்டு குச்சியையும் பெட்டியோடு அவர் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறார், கேட்டாலும் தரமாட்டேன் என்கிறார்.

உன்,
ரவி