நடந்து வந்து சேராதவர்களுக்கு ஒரு நினைவுத் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. இரட்டை வீடு எனப்படும் உள்ளறையில் இருக்கும், அரக்குப் பூசிய மரவைப் பெட்டியும் அங்கிருந்து வந்ததே. அங்கே வட்டிக்கடைக்குப் போன, எங்கள் ஐயாவின் தம்பி மட்டும் வரவில்லை. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமான அந்த நாட்களில், கப்பலில் இடம் கிடைக்காமல் காட்டு வழியே இந்தியாவை நோக்கி நடந்த லட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். வழியில் காய்ச்சல் கண்டு இறந்தார் என்று உடன் நடந்தவர் வந்து சொன்னதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. திதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் படைக்கிறோம். அப்பத்தா இருந்தவரை, அன்று அவருக்கென ஓர் இலையைத் தனியே போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில், கல்லறை இன்னதென்று அறியப்படாத ஏறத்தாழ 27,000 போர்வீரர்களின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டு, சுற்றிலும் தோட்டம் பேணப்படுகிறது. சென்னை நந்தம்பாக்கத்திலும் 1952 முதல் அத்தகைய போர்க் கல்லறைத் தோட்டம் உண்டு. ஆனால் நடந்தே மடிந்த கடை முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் சமையல்காரருக்கும் துறைமுகக் கூலிக்கும் எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இடத்தை நான் கண்டதில்லை.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஊருணிகளுள் ஒன்றைத் தேர்ந்து, நீர் வரும் வரத்துக்கால் அடைபடாமல், அதன் கரையில் ஒரு நினைவுத் தோட்டம் அமைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் ஊரார்களையும் கேட்டுக்கொள்கிறேன். மணிமண்டபம் கட்டலாமே என்று சிலர் சொல்லக்கூடும். விழா நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் யார் போய் உட்கார்ந்து அழ முடியும்? தண்ணீர் குடிக்கும் சீமைப்புல்லும் வேண்டாம். செம்மண்ணில் தானாக நிற்கக்கூடிய இலுப்பை, மகிழம், நாவல், புங்கன் ஆகியவை போதும். பெயர்களை ஒரு தாழ்ந்த கல்லில், முதலாளி, வேலையாள் என்ற வரிசை பாராமல், அந்தந்த ஊரின் கீழ் அகர வரிசையில் பொறிக்க வேண்டும்.

இலுப்பையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பங்குனி, சித்திரையில் அதன் பூ விடியுமுன் உதிர்ந்து, தரையெங்கும் வெளிறிய முத்தாகக் கிடக்கும். இரவெல்லாம் வௌவால்கள் வந்து போகும். பர்மாவிலிருந்து புறப்பட்டவர்களில் பலர் நடந்த மாதங்களும் அந்தப் பங்குனி, சித்திரையே.

இடம் ஒதுக்கப்பட்டால், எங்கள் வீட்டின் சார்பில் முதல் கன்றை நட்டு, அது வேர் பிடிக்கும் வரை கோடைதோறும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை.