அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருது: தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய விதி கால்பந்துக் கழகங்களின் தேர்வுக் குழுவினருக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

பருவம் முடிந்து விருது விழா நெருங்கும்போது 'பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்' (பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது) யாருக்கு என்பதில் பெரிய தகராறு வருவதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் வாக்கு போட்டாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் பெயர் வந்துவிடும். 'மோஸ்ட் இம்ப்ரூவ்ட்' (அதிகம் முன்னேறியவர்) கோப்பைக்கு அப்படி ஒரு கணக்கு பெரும்பாலான கழகங்களில் இல்லை. விழாவுக்கு முந்தைய வாரம் நாலைந்து பேர் கூடுகிறார்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் யார் கண்ணில் பட்டார், வேறு விருது கிடைக்காதவர் யார் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து இடது காலால் பந்தை உதைத்துப் பழகிய பையனுக்கும் பெண்ணுக்கும் இது பெரிய அநியாயம். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வாய்ப்பு கூடியதையும் திறமை கூடியதையும் பிரித்துப் பாருங்கள். விவாதங்கள் தடம் புரள்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால்தான்.

எல்லோருக்கும் தெரிந்த ஏ.எஃப்.எல். (இந்த ஆட்டத்தின் தலைமை லீக்) உதாரணத்திலிருந்து தொடங்கலாம். 2020-ல் கொரோனா காரணமாக ஒவ்வொரு குவார்ட்டரும் (ஆட்டத்தின் நாலில் ஒரு பகுதி) 20 நிமிடத்திலிருந்து 16 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. கூடுதல் நேரம் தனி. 2021-ல் மறுபடி 20 நிமிடம். அதாவது ஆட்ட நேரம் ஏறக்குறைய கால் பங்கு கூடியது. 2020-ல் சராசரியாக 20 டிஸ்போசல் (பந்தைக் காலால் உதைத்தோ கையால் குத்தியோ அனுப்புவது) எடுத்தவர், எதையும் புதிதாகக் கற்காமலே 2021-ல் 25-ஐத் தொடலாம். அந்த இரண்டு வருடங்களின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஐந்து கூடியிருக்கிறது' என்று வாதாடினால் அந்த வாதத்துக்கு அடிப்படையே இல்லை.

எஸ்ஸெண்டன் கழகத்தின் டார்சி பாரிஷ் 2021-ல் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் (வருடத்தின் சிறந்தவர்களைக் கொண்ட கௌரவ அணி) இடம்பிடித்தார். அந்த வருட அன்சாக் தின (ஏப்ரல் 25, போர் வீரர் நினைவு நாள்) ஆட்டத்தில் 42 டிஸ்போசல் எடுத்து, ஆட்டத்தின் சிறந்தவருக்கான பதக்கமும் வென்றார். நேரக் கணக்கைக் கழித்த பிறகும் அவருடைய உயர்வு மிஞ்சுகிறது. ஆனால் அடுத்த கேள்வி உண்டு. பருவத் தொடக்கத்திலேயே அதே அணியின் நடுக்கள ஆட்டக்காரர்கள் டிலன் ஷீல், ஜை கால்ட்வெல் இருவரும் காயம்பட்டு வெளியேறினார்கள். நடுக்கள இடம் காலியானது, பாரிஷ் அங்கே போனார். அப்படியானால் உயர்வில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு இடத்தினுடையது? மெல்பர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா விஷயம் நேர் எதிர். 2020-ல் ஆட்ட நேரம் சுருங்கியும் அவருடைய எண்ணிக்கை ஏறியது. லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ வாக்கில் 20 வாக்குடன் மூன்றாம் இடம். அவருக்கும் நடுக்களப் பொறுப்பு கூடியிருந்தது உண்மை. ஆனாலும் காற்றை எதிர்த்து ஓடிப் பெற்ற நேரம், காற்றோடு ஓடிப் பெற்ற நேரத்தைவிட நம்பகமானது. இந்த இரண்டு பேரையும் ஒரே தட்டில் நிறுப்பதற்கு முன் இந்தக் கழித்தல்களைச் செய்தாக வேண்டும்.

இதை உங்கள் கழகத்தில் எப்படிச் செய்வது? ஏ.எஃப்.எல். கழகங்களுக்கு சாம்பியன் டேட்டா நிறுவனத்தின் புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. உங்களிடம் எல்லைக் கோட்டருகே ஒரு தன்னார்வலரும் ஒரு பென்சிலும் இருக்கும். அது போதும்.

முதலில் களத்தில் இருந்த நேரம். 70 சதவீத நேரம் ஆடி 20 டிஸ்போசல் எடுத்தவர், அதே வேகத்தில் 85 சதவீத நேரம் ஆடினால் 24 எடுப்பார். நாலு கூடியது பெஞ்சில் உட்காராததால். இன்டர்சேஞ்சில் (ஆள் மாற்றத்தில்) யார் எப்போது உள்ளே போனார், வெளியே வந்தார் என்று ஒருவர் குறித்தாலே இந்தக் கணக்கு தெளிந்துவிடும். (அதிக நேரம் ஆடும் உடல் தெம்பு கூடியதும் முன்னேற்றம்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அதை 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரடியாக அளந்துவிடலாம். டிஸ்போசல் வழியாகச் சுற்றி வளைத்து ஊகிக்க வேண்டாம்.)

அடுத்தது சென்டர் பவுன்ஸ், அதாவது மைதான நடுவில் பந்தை ஆட்டத்துக்கு விடுவது. நடுவர் பந்தைத் தரையில் அடித்தாலும் மேலே எறிந்தாலும் நம் பேச்சில் அது பவுன்ஸ்தான். ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஒன்று. இரண்டு அணியும் சேர்ந்து 22 கோல் அடித்த ஆட்டத்தில் சுமார் 26 இருக்கும். ஓர் அணியிலிருந்து நாலு பேர்தான் அப்போது நடுச் சதுரத்துக்குள் நிற்க முடியும். யார் யார் நின்றார்கள், பந்தை யார் வெளியே எடுத்தார் என்று இரண்டே பத்தி போட்டுக் குறியுங்கள். போன வருடம் 40 பவுன்ஸில் நின்று 4 கிளியரன்ஸ் (அங்கிருந்து பந்தை வெளியே எடுத்தது), இந்த வருடம் 120-ல் நின்று 12 என்றால் விகிதம் நகரவே இல்லை. பயிற்சியாளர் நம்பிக்கை வைத்திருக்கிறார், அவ்வளவே. 120-ல் 20 எடுத்திருந்தால் அது வேறு கதை. அதிக முறை நிற்க நிற்க எதிரணி அவரைக் குறிவைக்கும், களைப்பும் சேரும். அப்படியும் விகிதம் ஏறினால் உண்மையாகவே கை தேறியிருக்கிறது.

பின்களத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது கிக்-இன். எதிரணி பிஹைண்ட் (ஒரு புள்ளி மட்டும் தரும் ஷாட்) அடித்ததும் கோல் சதுரத்திலிருந்து பந்தை ஆட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு அது. 2019-ல் ஏ.எஃப்.எல். விதி மாறியது. தனக்குத் தானே உதைத்துக்கொள்ளாமலே சதுரத்தை விட்டு ஓடி வரலாம் என்றானது. ஓடி வந்து உதைத்தால் அது ஒரு கிக் என்று கணக்கில் ஏறும், முன்னேறிய மீட்டர்களும் சேர்ந்து ஏறும். அந்தப் பொறுப்பைப் புதிதாகப் பெற்ற ஹாஃப் பேக் (பின்களக் காவலர்) ஒருவருக்கு ஆட்டத்துக்கு நாலைந்து கிக் சும்மா வந்து சேரும். எண்ணிக்கையைப் பேசும் முன் கிக்-இன்களைக் கழித்துவிடுங்கள்.

ஃபேண்டசி (ரசிகர்களின் கற்பனை அணி விளையாட்டு) புள்ளிகளை ஆதாரமாகக் கொண்டுவருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.எல். ஃபேண்டசியில் கிக்குக்கு 3, ஹேண்ட்பாலுக்கு (கையால் குத்தி அனுப்புவது) 2, மார்க்குக்கு (உதைத்த பந்தைத் தரையில் விழும் முன் பிடிப்பது) 3, டாக்கிளுக்கு (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) 4. அந்தக் கிக் நேராக எதிரணியின் மார்பில் போய் விழுந்தாலும் 3 தான். எதிராளியின் மார்க்கை ஆட்டம் முழுக்க முஷ்டியால் தட்டித் தட்டிக் கெடுத்த கடைசிக் காவலரான ஃபுல் பேக்குக்கு அந்த ஸ்பாயில்களுக்கு (தட்டல்களுக்கு) ஒன்றுமே இல்லை. முன்னேற்றத்தை அளக்க அந்தப் பட்டியல் உதவாது.

இடம் மாறிய ஆட்டக்காரர்களை எடைபோடுவதுதான் கடினம், அதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். மெல்பர்னின் டாம் மெக்டொனால்ட் பல வருடம் பின்களத்தில் நின்றவர். 2017-ல் முன்களத்துக்குப் போய், 2018-ல் 53 கோல் அடித்தார். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் முன்னேறியவர் அவர்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மார்க் எடுக்கும் கை, பந்து விழும் இடத்தை முன்கூட்டியே கணிக்கும் கண், சோராத கால் எல்லாம் பின்களத்திலேயே அவரிடம் இருந்தவை. அந்த வருடம் மெல்பர்ன் கோல் மழை பொழிந்த அணி. பக்கத்தில் ஜெஸ்ஸி ஹோகன் இன்னொரு காவலரை இழுத்துக்கொண்டிருந்தார். பருவம் முடிந்ததும் ஹோகன் ஃப்ரீமான்டிலுக்குப் போனார், 2019-ல் அணி 17-ஆம் இடத்துக்கு விழுந்தது, மெக்டொனால்டின் கோல்களும் சரிந்தன. ஆட்டக்காரர் ஒரே வருடத்தில் திறமையை மறந்துவிட்டாரா என்ன? முன்களத்தில் நிற்பவரின் கோல், பந்து அவரிடம் எத்தனை முறை, எப்படி வந்து சேருகிறது என்பதைப் பொறுத்தது. எனவே இடம் மாறியவரைப் பழைய இடத்தோடு ஒப்பிடாதீர்கள். புதிய இடத்தில் முதல் ஐந்து ஆட்டத்தையும் கடைசி ஐந்து ஆட்டத்தையும் ஒப்பிடுங்கள். மாற்றமே பாராட்டுக்குரியது என்று தோன்றினால் அதற்குத் தனியாக ஒரு பயிற்சியாளர் விருது கொடுங்கள்.

முன்களக்காரர்களின் குறி பற்றியும் எச்சரிக்கை தேவை. போன வருடம் 30 ஷாட்டில் 15 கோல், இந்த வருடம் 30-ல் 18 என்றால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த அளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வரும். 30 மீட்டருக்குள், நேர் முன்னாலிருந்து கிடைத்த செட் ஷாட்களை (மார்க் அல்லது ஃப்ரீ கிக்குக்குப் பின் நிதானமாக அடிப்பவை) மட்டும் தனியே எண்ணுங்கள். ஓரத்திலிருந்து அடித்த ஷாட்களைக் கலந்தால் யார் எங்கிருந்து அடித்தார் என்பதுதான் தெரியும், யார் தேறினார் என்பது தெரியாது. பவுன்ஸில் பந்துக்குக் குதிக்கும் ரக்மேன் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். முப்பது ஹிட்அவுட் (அவர் தட்டிவிட்ட பந்து) என்பது பெரிய எண். அதில் நம் ஆள் கைக்கு வந்தவை எத்தனை என்று பக்கத்தில் இன்னொரு எண் இல்லாவிட்டால் அது வெறும் உயரக் கணக்கு.

எண் இறங்கியவர்களிலும் முன்னேறியவர்கள் இருப்பார்கள். இதைக் குழுக்கள் பெரும்பாலும் தவற விடுகின்றன. ரிசர்வ்ஸில் (இரண்டாம் அணி) 25 டிஸ்போசல் எடுத்தவர் சீனியர்ஸுக்கு (முதல் அணி) ஏறி 14 எடுக்கிறார் என்றால், ஆட்டத்தின் வேகம் கூடியிருக்கிறது, யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதியாகியிருக்கிறது. அந்த 14-ல் எத்தனை பந்து நெருக்கடியில் பிடுங்கி எடுத்தது என்று பாருங்கள். சிறுவர் அணிகளிலும் இது நடக்கும். வயதுப் பிரிவு ஏறும்போது பல லீகுகளில் பந்தின் அளவும் ஏறும். பெரிய பந்தைக் கையில் பிடித்துக் காலில் விடவே ஒரு சில மாதம் ஆகும். அந்த மாதங்களில் குறி தவறுவதைப் பின்னடைவாக எழுதக் கூடாது.

சிறுவர் பிரிவில் இதைவிட முக்கியமானது வளர்த்தி. 13, 14 வயதில் ஒரே குளிர்காலத்தில் ஒரு பையன் தலைக்கு மேல் வளர்ந்துவிடுவான். போன வருடம் தட்டிப் பறித்த பந்தை இந்த வருடம் நின்ற இடத்தில் மார்க் எடுப்பான். பார்ப்பவர்களுக்கு அது முன்னேற்றம் போலவே இருக்கும், பெற்றோருக்கும் அப்படித்தான் இருக்கும். அதே அணியில் வளராத ஒருவன், டாக்கிளில் தலையை எதிராளியின் இடுப்புக்குப் பின்பக்கம் வைக்கவும், தோளைத் தாழ்த்தி இறங்கவும், மார்க்குக்கு முன் உடலால் இடம் பிடிக்கவும் கற்றிருப்பான். கோப்பை அவனுக்குரியது. வளர்ந்தவனுக்கு அடுத்த வருடம் எல்லோரும் வளர்ந்த பிறகு என்ன மிஞ்சும் என்று அப்போது பார்க்கலாம்.

புதிதாக வந்தவர்கள் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து வந்த மேசன் காக்ஸ் 2016 அன்சாக் தினத்தில் காலிங்வுட்டுக்காக அறிமுகமாகி, முதல் கிக்கிலேயே கோல் அடித்தார். 2018 ப்ரிலிமினரி ஃபைனலில் (இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்று) ரிச்மண்டுக்கு எதிராக மூன்று கோல். நீள்வட்டப் பந்தையே தொட்டறியாத ஒருவர் அங்கே போய் நின்றது அபாரமான உழைப்பு. ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவரின் முதல் வருட ஏற்றம் எப்போதும் மற்ற எல்லோருடையதையும்விடப் பெரிதாகத்தான் தெரியும். எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போவது இரண்டிலிருந்து ஐந்துக்குப் போவதைவிடக் கடினம். எனவே புதியவர்களை இரண்டாம் வருடத்திலிருந்துதான் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் வருடத்துக்கு அறிமுக ஆட்டக்காரர் விருது இருக்கிறது.

இவ்வளவையும் பருவ முடிவில் ஞாபகத்திலிருந்து எடுக்க முடியாது. தொடக்கத்தில் அளந்தால்தான் முடிவில் ஒப்பிட முடியும். பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். 25 மீட்டர் தூரத்தில் கூம்புகளால் 5 மீட்டர் சதுரம் ஒன்று குறித்து, வலது காலால் 10, இடது காலால் 10 கிக்; சதுரத்தில் விழுந்தவை எத்தனை என்று எழுதுங்கள். நின்று உதைக்க விடாதீர்கள், நாலு எட்டு ஓடி வந்து உதைக்க வேண்டும். நின்று உதைப்பது ஆட்டத்தில் வராது. உருண்டு வரும் பந்தை ஓட்டத்திலேயே குனிந்து எடுப்பது 10 முறை, ஒரே கையில் எடுத்ததைக் கணக்கில் சேர்க்காமல். முதுகுக்குப் பின் ஒருவர் தள்ளிக்கொண்டிருக்க மார்க் எடுப்பது 10 முறை. கடைசியில் 2 கிலோமீட்டர் ஓட்டம். பருவத்தின் நடுவில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை இதையே திரும்பச் செய்யுங்கள். காற்றடிக்கும் நாளில் கிக் சோதனை வைக்க வேண்டாம். ஈர மைதானத்தில் முதல் சோதனை நடந்திருந்தால் கடைசிச் சோதனையை உலர்ந்த மைதானத்தில் வைத்து ஏமாறாதீர்கள். முடிவுகள் தானாகவே உயர்ந்து எல்லோரும் தேறியவர்களாகிவிடுவார்கள். அளப்பவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. அவர் அந்தப் பிள்ளைகளில் யாருடைய அப்பாவாகவும் அம்மாவாகவும் இருக்கக் கூடாது.

தாள் மட்டும் முடிவைச் சொல்லிவிடாது. கூம்பு எதிர்த்து ஓடி வந்து டாக்கிள் செய்யாது. அதனால் பெயர் முன்மொழியும் ஒவ்வொரு பயிற்சியாளரும் மூன்று விஷயம் எழுதித் தர வேண்டும் என்று விதி வையுங்கள்: எந்தத் திறமை தேறியது, எந்த ஆட்டத்தின் எந்தக் குவார்ட்டரில் அது தெரிந்தது, பருவத் தொடக்கத்தில் அதே நிலைமையில் அவர் என்ன செய்தார். 'நல்ல பையன், பயிற்சிக்குத் தவறாமல் வருவான்' என்பதற்கு இங்கே இடமில்லை. அதற்குச் சிறந்த கழக உறுப்பினர் விருது இருக்கிறது. பருவத்தின் பாதி ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவர்களைச் சேர்க்க வேண்டாம். வாக்கெடுப்பைக் கடைசி ஆட்டம் முடிந்த அன்றிரவு வைக்காதீர்கள். இறுதிச் சுற்றில் ஒரு நல்ல குவார்ட்டர் ஆடியவர் அன்றைக்கு எல்லோரையும் மறைத்துவிடுவார். ஒரு வாரம் கழித்து, தாள்களை மேசையில் பரப்பிவைத்துப் பேசுங்கள். இரண்டு பேர் சமமாக வந்தால், ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்து இன்னும் ஏறியவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, இந்த விதிகளை முதல் பயிற்சி ஆட்டத்துக்கு முன்பே உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டுங்கள். எது அளக்கப்படும் என்று தெரிந்தால் ஆட்டக்காரர்கள் அதற்காக உழைப்பார்கள். விழா மேடையில் பெயரோடு காரணத்தையும் வாசியுங்கள், கோப்பையில் பெயருக்குக் கீழே ஒரு வரி பொறியுங்கள்: 'இடது கால் கிக்', 'ஒருவருக்கு ஒருவர் காவல்', 'நடுக்களத்தில் பந்தெடுத்தல்', எதுவோ அது. கூடுதலாகச் சில டாலர்தான் ஆகும்.

இப்படிக்கு,
எல்லைக் கோட்டருகே நின்று ஆட்டக் குறிப்பு எடுப்பவர்களும் சிறுவர் அணிப் பயிற்சியாளர்களும்