வெட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

ரோட்டோருவா, நியூசிலாந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. என் வாழ்த்தைச் சொல்.

ஆலையின் சவுக்கு வெட்டு ஒப்பந்தத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு பக்கம் சேர்க்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மரம் வெட்டும் வேலையில் சாவைக் குறைக்க நியூசிலாந்தில் என்ன செய்தார்கள் என்றும் கேட்டிருந்தாய். அந்த ஒரு பக்கம் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை என்ற பட்டியலோடு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

இங்கே 2013இல் மட்டும் மரம் வெட்டும் வேலையில் 10 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய நாடு இது, சில ஆயிரம் பேர் பார்க்கும் வேலை. சட்டமும் விதிமுறையும் இல்லாமல் இது நடக்கவில்லை. காட்டு வேலைக்கென்று ஒரு முழு நடைமுறைக் கையேடு அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளிவந்திருந்தது. தொழிற்சங்க மையத்தின் தலைவராக இருந்த ஹெலன் கெல்லி, இறந்தவர்களின் குடும்பங்களை முன்னே நிறுத்தி விடாமல் கேள்வி கேட்டார். ஆய்வாளர்கள் காடுகளுக்குப் போய்ப் பார்த்து, சில இடங்களில் வேலையையே நிறுத்தினார்கள். பிறகு காட்டு உரிமையாளர் சங்கமும் ஒப்பந்ததாரர் சங்கமும் பண்ணைக் காடு வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து, அரசின் ஆதரவோடு, மூன்று பேர் கொண்ட சுதந்திரமான குழு ஒன்றை அமைத்தன. 2014 அக்டோபரில் அதன் அறிக்கை வந்தது.

அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது, தவறைத் தொழிலாளியின் கையில் மட்டும் தேடாமல் மேலேயும் தேடியதுதான். காடு ஒருவருடையது, மரத்தை விற்பவர் இன்னொருவர், வெட்டுபவர் ஐந்தாறு ஆட்களோடு கடன் வாங்கி இயந்திரம் வைத்திருக்கும் சிறு ஒப்பந்ததாரர். டன்னுக்கு இவ்வளவு என்று விலை பேசி, நாளுக்கு இத்தனை டன் என்று இலக்கும் வைத்துவிட்டால், காற்று பலமாக அடிக்கும் நாளில் வேலையை நிறுத்துகிறவன் தன் காசை இழக்கிறான். ஆகவே நிறுத்த மாட்டான். எத்தனை வகுப்பு எடுத்தாலும் இது மாறாது.

அதனால் சட்டத்தையும் அந்த இடத்திலேயே பிடித்தார்கள். 2015இல் நிறைவேறி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டம், ஒரே வேலையில் கை வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் கடமை உண்டு என்கிறது. ஒருவரோடொருவர் கலந்து பேசி ஒருங்கிணைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி அந்தக் கடமையை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. ஆபத்து தெரிந்தும் அலட்சியமாக இருந்தால் நிறுவனத்துக்கு 30 லட்சம் டாலர் வரை அபராதம். இயக்குநர் நிலையில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. தொழில்துறை தன் பங்குக்கு, அரசோடு சேர்ந்து காட்டுத் தொழில் பாதுகாப்புக்கென்று ஒரு கவுன்சிலை 2015இல் தொடங்கியது. விற்கும் மரத்தில் டன்னுக்குச் சில சென்ட் என்று பிடிக்கும் தீர்வையிலிருந்தும் அதற்குப் பணம் போகிறது. ஒப்பந்ததாரரை வெளியாள் வந்து தணிக்கை செய்து சான்று தரும் 'சேஃப்ட்ரீ' திட்டம் அந்தக் கவுன்சில் கொண்டுவந்ததுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2013இல் வேறு கயிற்றைப் பிடித்தது. அங்கே தொழிலாளர் காப்பீட்டை மாநில அரசே நடத்துகிறது, பிரீமியம் வேலை நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கையால் வெட்டும் வேலைக்கு அது மிக அதிகம். தணிக்கையில் தேறிய ஒப்பந்ததாரருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தந்தார்கள். காட்டு நிறுவனங்களும் மாநில வனத்துறையும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துகொண்டன. நம் ஊரில் அந்தக் காப்பீட்டு அமைப்பு இல்லாததால் உனக்கு நியூசிலாந்து வழிதான் பொருந்தும்.

இனி களத்துக்கு வருகிறேன். இங்கே ஆட்கள் அதிகம் சாவது இரண்டு வேலையில்: மரத்தைச் சாய்ப்பது, சாய்த்த தடியைக் கம்பிவடத்தில் கட்டி மேலே இழுப்பது. சாய்ப்பதில் விதி எளிது. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் வாயின் ஆழம் விட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும் பின்வெட்டு அந்த வாயின் மூலைக்குச் சற்று மேலே. நடுவில் அறுக்காமல் விடும் கீல் விட்டத்தில் பத்தில் ஒன்று, 40 செ.மீ. மரத்துக்கு 4 செ.மீ. கீலை மெலிதாக்கினால் மரம் திரும்பி வேறு திசையில் விழும். சாய்ந்து நிற்கும் மரத்தில் வாய் ஆழமாக இல்லாமல் கீல் தடித்துப்போனால், அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்னால் நிற்பவன் மேல் எகிறும். தப்பிக்கும் வழியை, விழும் திசைக்கு எதிர்ப்புறம் 45 பாகை சாய்வில், சங்கிலி ரம்பத்தை ஓட்டுவதற்கு முன்பே வெட்டித் துப்புரவாக்கி வைக்க வேண்டும். வெட்டுபவரைத் தவிர எவரும் மர உயரத்தின் இரு மடங்கு தூரத்துக்குள் இருக்கக் கூடாது.

இழுக்கும் வேலையில், தடியில் கம்பிச் சுருக்கை மாட்டியவர்கள் எல்லோரும் விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இழுக்கச் சொல்லிச் சைகை தர வேண்டும். வடம் வளைந்து நிற்கும் உள்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. அவசரத்தில் தவறுவது இங்கேதான்: இன்னும் நாலு எட்டு வைக்க வேண்டியவன் நின்றுவிடுவான், தடி ஒரு கட்டையில் மோதிச் சுழலும்.

இந்த இரண்டிலிருந்தும் ஆளையே எடுத்துவிட, அரசும் தொழிலும் சேர்ந்து பணம் போட்டு ஆராய்ச்சி நடத்தின. சரிவில் ஆள் வேண்டாம், ரம்பத்தில் கை வேண்டாம் என்பது அதன் இலக்கு. விளைவுதான் வின்ச், அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை, கட்டிய வெட்டு இயந்திரம். மேலே நிற்கும் கனத்த இயந்திரத்திலிருந்து வடம் இறங்கி, சரிவில் வெட்டும் இயந்திரத்தைத் தாங்குகிறது. ஓட்டுநர் இரும்புக் கூண்டுக்குள். வடம் அறுந்துபோகும் பளுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுவிசை ஏறக் கூடாது என்பது விதி. இதிலும் ஆபத்து உண்டு: மேல் இயந்திரம் நழுவலாம், வடம் தேயலாம். ஆனாலும் மரத்தடியில் ஆள் நிற்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். 2014இல் சாவு வெகுவாகக் குறைந்தது, பிறகு சில ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. இயந்திரம் போக முடியாத துண்டுக் காடுகளில் இன்னும் ஆள் கையில் பிடித்து வெட்டும் சங்கிலி ரம்பம்தான்.

சவுக்கில் உன் ஆபத்து வேறு. மரம் சிறியது, நெருக்கமாக நிற்கும். அதனால் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். மாட்டிய மரத்தின் அடியில் நடக்கவோ, இன்னொரு மரத்தை அதன் மேல் தள்ளவோ கூடாது. கயிறு போட்டு அடியைப் பின்னால் இழுக்க வேண்டும். ரம்பப் பட்டையின் நுனி மேல்பாகம் பக்கத்து மரத்தில் பட்டால் ரம்பம் முகத்துக்கு எகிறும். சங்கிலி பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல். தொடையில் கட்டும் பாதுகாப்புக் கவசம் நம் வெயிலுக்குக் கனம்தான். முன்பக்கம் மட்டும் மூடும் வகையை வாங்கித் தந்து, விடியலில் வேலையைத் தொடங்கினால் போடுவார்கள். வாங்கித் தர வேண்டியது ஆலை. கூலியில் பிடிக்கக் கூடாது.

இரு மடங்கு தூரம் என்ற விதிதான் உனக்குக் கடினம். 12 மீட்டர் மரத்துக்கு 24 மீட்டர். வெட்டுபவர் பக்கத்திலேயே பெண்கள் பட்டை உரிப்பார்கள், மிலாறு என்னும் சிறு கிளைகளைப் பொறுக்குவார்கள். வெட்டும் பாத்தியையும் உரிக்கும் பாத்தியையும் பிரித்து, வெட்டு முடிந்த பிறகு மாறிக்கொள்ளும்படி ஒப்பந்தத்திலேயே எழுது. ஒரு நாள் வேகம் குறையும், அதற்கு விலையில் இடம் வேண்டும்.

108க்கு வழி சொல்லும் வாக்கியத்தை ஒவ்வொரு தோட்டத்துக்கும் முன்கூட்டியே எழுதி மேஸ்திரியிடம் கொடுத்துவிடு. எந்தச் சாலை, எந்த மதகு, ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று. தொடையில் ரம்பம் பட்டால் இரத்தத்தை நிறுத்தச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், ஆகவே காயத்தை அழுத்திக் கட்டும் துணியும், காலை இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டையும் ஒவ்வொரு குழுவிடமும் இருக்கட்டும்.

ஒப்பந்த வரைவை எனக்கு அனுப்பு. பாதுகாப்புப் பக்கத்தை மட்டுமல்ல, டன் விலையும் நாள் இலக்கும் எழுதியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. மழைக்கோ காற்றுக்கோ வேலை நிறுத்தினால் குழுவுக்கு அன்றைய கூலி யார் தருவது என்று அதில் இல்லையென்றால், முதலில் அதை எழுதுவோம்.

அன்புடன்,
சேகர்