பேரப்பிள்ளைக்கு ஸ்மாக்கிங் கவுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் கவுன்கள் பச்சைக்குழந்தையின் நெஞ்சில் தடம் பதிக்கின்றன. துணியைச் சிறு மடிப்புகளாகச் சுருக்கி, அந்த மடிப்புகளின் மேல் கையால் போடும் எம்பிராய்டரியான ஸ்மாக்கிங் அப்படி இறுக்காது. பாட்டிமார் இதைத் துணிந்து தைக்க வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள எங்கள் களியக்காவிளை தாண்டினால் பாலராமபுரம் கைத்தறி கிடைக்கும். மெல்லிய துணியாக வாங்கி, முதலில் கஞ்சி போக அலசிக் காயவையுங்கள். அலசாமல் தைத்தால் பிறகு சுருங்கித் தையல் கோணும்.

முன்பக்கம் 9 அங்குலம் வேண்டுமென்றால் 27 அங்குலத் துணி எடுங்கள், மூன்று மடங்கு. உள்பக்கம் கால் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, வரிக்கு வரி முக்கால் விரற்கடை இடைவெளி. மேல்வரிப் புள்ளிக்கு நேர்கீழே அடுத்த வரிப் புள்ளி நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் மடிப்பு சாய்ந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான். வரிக்கு ஒரு கெட்டி நூல், வேறு நிறத்தில், புள்ளிக்குப் புள்ளி ஓட்டி, எல்லா நூலையும் சேர்த்து இழுத்து, இரண்டிரண்டாக முடிச்சிடுங்கள். எம்பிராய்டரி முடிந்து இந்த நூலை உருவியதும் துணி சற்று விரியும். அதனால் 8 அங்குலமாகச் சுருக்கினால் போதும்.

எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றை எடுங்கள். மேல்வரியில் காம்புத் தையல். அது மடிப்பைப் பிடித்து நிறுத்தும். கீழே தேன்கூடுத் தையல். நன்றாக இழுபடுவது அதுதான். நூலை இறுக்கினால் அந்த நெகிழ்வு போய்விடும், கவுன் வீண்.

தேய்ப்புப் பெட்டியை மேலே அழுத்தாதீர்கள். ஆவி மட்டும் படட்டும். கழுத்தில் நாடா வேண்டாம், குழந்தைக்கு ஆபத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி, களியக்காவிளை