திருவல்லிக்கேணியில் அறை எடுத்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கோவில்பட்டியில் நாங்கள் நலம். நேற்று நீ போனில் சொன்னதை அம்மாவிடமும் சொன்னேன். கையை நீட்டினால் சுவர் இடிக்கும் மேன்ஷன் அறை, காலையில் வாளியோடு குளியலறை வரிசை, நள்ளிரவு வரை சந்தடி. அதனால் வேளச்சேரியில் நண்பர்களோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாய். போவதும் இருப்பதும் உன் விருப்பம். ஆனால் போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால், சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

நீ அறைக்குள் உட்கார்ந்துகொண்டு திருவல்லிக்கேணியை எடை போடுகிறாய். அங்கே அறை பெட்டியை வைக்கவும் படுக்கவும்தான். குடித்தனம் முழுக்கத் தெருவில் நடக்கிறது. எண்பதுகளில் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலம் முழுவதும் நான் அப்படித்தான் வாழ்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலைக்குப் போ. நாங்கள் பைகிராப்ட்ஸ் ரோடு என்போம். பூட்டிய கடைகளின் வாசலில் பழைய புத்தகங்களைப் பரப்பியிருப்பார்கள். வேண்டிய புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே நிற்காதே, விலை ஏறிவிடும். வேண்டாத இரண்டின் விலையைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் அதையும் கேள். என் அலமாரியில் நீ பள்ளி நாட்களில் எடுத்துப் படித்தவற்றில் பாதி அந்த நடைபாதையில் வாங்கியவை. அன்று இரவு மெஸ் கிடையாது. ரத்னா கபேக்குப் போய்விடு. 1948-இல் தொடங்கிய கடை. சாம்பார் ஜக்கோடு வருபவர் இட்லி முழுகும்வரை ஊற்றுவார். வற்றியதும் மறுபடி வந்து நிற்பார். சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் அந்த இரண்டு இட்லி எத்தனை பெரிய சாப்பாடு என்பது எனக்குத் தெரியும்.

பார்த்தசாரதி கோயிலுக்குக் கூட்டமில்லாத நாளில் போ. பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் கோயில் அது. மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு. கையில் சங்கு மட்டும், சக்கரம் கிடையாது. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கு. உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்புத் தழும்புகள். தன் தேரோட்டி வேலையில் பட்ட காயத்தை மறைக்காத சாமி என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அப்படியே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாகக் குடியிருந்த வீட்டையும் பார்த்துவிடு. 1921 செப்டம்பரில் அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது; இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நீ இன்னும் போகவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். நோன்பு மாதம். எதிர் அறையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அதுவரை படிக்கட்டில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அன்று மாலை வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறந்துவிட்டு, ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். பூண்டும் வெந்தயமும் போட்டுக் குழையக் காய்ச்சியது. நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்து, டம்ளரையும் கழுவிவைத்துவிட்டுப் போனார். காய்ச்சல் விடும்வரை தினமும் வந்தார். 1795-இல் கட்டிய அந்தப் பள்ளிவாசலில், நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூரின் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துக்கள் உணவு பரிமாறுவதை நீயே பார்க்கலாம். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிவைத்தது அது. நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வா.

அறை புழுங்கினால் கடற்கரை இருக்கிறது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்திய இடங்களில் அந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையும் ஒன்று. மேன்ஷன் நண்பர்கள் நாங்கள் வேலை, கடன், தங்கை கல்யாணம் எல்லாவற்றையும் அந்த மணலில்தான் பேசித் தீர்த்தோம்.

கஷ்டங்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கோடையில் தண்ணீர் படுத்தும். மூட்டைப்பூச்சிக்கு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போடுவதைத் தவிர நான் வேறு வழி கண்டதில்லை. மேல்தள அறை அனலாகக் கொதிக்கும். முதல் மாடியில் காலியானால் உடனே கேட்டு மாறிக்கொள். உன் அலுவலகம் தரமணியில்தானே? திருவல்லிக்கேணி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் நேராக அங்கே இறங்கலாம். எங்கள் காலத்தில் அந்த வசதியும் இல்லை. வேளச்சேரி வீட்டில் இடம் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. ஒரு வருடமாவது திருவல்லிக்கேணியிலேயே இருந்து பார். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் முன்பணத்துக்கு நான் தருகிறேன்.

அடுத்த வாரம் கடலைமிட்டாய் பார்சல் அனுப்புகிறேன். உன் வராந்தாவில் எத்தனை அறைகள், எத்தனை பேர் என்று விசாரித்து எழுது. எல்லோருக்கும் சேர்த்தே வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா