எண் ஏறியது, பாடம் குறையவில்லை

விருந்தோம்பல் பட்டப்படிப்பில் அப்ரண்டிஸ்களுக்கு கிரெடிட் வழங்கும் கல்விக்குழுவினருக்கு,

வணக்கம். ஹோட்டலில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான். இப்போது புதிதாக வரும் அப்ரண்டிஸ்களுக்கு வேலை சொல்லித் தருகிறேன்.

அந்த ஓராண்டுக்கு எனக்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்காகச் சேர்க்கவேண்டிய பாட அலகு, கிடைத்தது உண்மைதான். ஆனால் அத்தனையும் விருப்பப் பாடக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. விருப்பப் பாடத்துக்கான இடமோ ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எண் ஏறியது, படிக்கவேண்டிய பாடம் ஒன்றுகூடக் குறையவில்லை. நைட் ஆடிட் பார்த்துவிட்டு வந்தவன், செக்-இன் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதினேன்.

நைட் ஆடிட் என்றால் சும்மா கண்விழிப்பது அல்ல. அன்றைய கணக்கை முடித்து, எத்தனை அறை விற்றது, சராசரி வாடகை என்ன என்று பார்த்து ரெவ்பார், அதாவது விற்காததையும் சேர்த்து ஓர் அறைக்குச் சராசரியாகக் கிடைத்த வருமானம், போடவேண்டும். 100 அறையில் 70 விற்றிருந்தால் ரெவ்பார், விற்ற அறைகளின் சராசரி வாடகையில் 70 சதவீதம். சில இரவு, அறை காலி என்று அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங் பிரிவு சொல்லும். வரவேற்பைப் பார்க்கும் ஃப்ரண்ட் ஆபீஸின் கணினி ஆள் இருப்பதாகக் காட்டும். விருந்தினர் பணம் கட்டாமல் நழுவியிருந்தால் அவர் ஸ்கிப்பர். கட்டிவிட்டுப் போனதை நம் ஆள் பதிய மறந்திருந்தால் அது ஸ்லீப்பர். எது என்று கண்டுபிடிப்பது ஃப்ரண்ட் ஆபீஸ் பாடம் இல்லையென்றால் வேறு எது?

மணி நேரத்தை மட்டும் வைத்து கிரெடிட் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்; ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். அமெரிக்காவில் பதிவுபெற்ற அப்ரண்டிஸ்ஷிப் பொதுவாகக் குறைந்தது 2,000 மணி நேரம். வெறுமனே வகுத்தால் ஓராண்டுப் படிப்பையே தாண்டிவிடும்! நாப்கின் மடித்த நேரமும் அதில் உண்டு, அதற்கு கிரெடிட் கேட்க எனக்கே கூச்சம். சட்டம், பொருளாதாரம், நிதிக் கணக்கியல் எல்லாம் ஹோட்டல் தளத்தில் தானாக வந்துவிடாது. அவற்றுக்கு வகுப்புதான் சரி.

நான் கேட்பது இதுதான். அப்ரண்டிஸ் வேலையில் சேரும் முன்பே, எந்த வேலை எந்தக் கட்டாயப் பாடத்துக்கு ஈடு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். படுக்கை விரிப்பு, துண்டு போன்ற லினன் இருப்புக் கணக்கு ஹவுஸ்கீப்பிங் பாடத்துக்கு, உணவுச் செலவு விகிதம் காஸ்டிங் பாடத்துக்கு என்று பெயர் சொல்லி. வேலை முடிந்த பின் உட்கார்ந்து பேசினால், எழுதி வைக்காத அனுபவத்தை யாராலும் நிரூபிக்க முடிவதில்லை. மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட வேலைப் பதிவேட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பாடத்தின் தேர்வையே வையுங்கள்; தேறாதவர் வகுப்பில் உட்காரட்டும்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். காலையில் நைட் ஷிப்ட் முடிந்ததும் நேராக வந்துவிடுகிறோம். காபி மட்டும் கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் அப்ரண்டிஸ்