தம்பி, ஓடத் தயாரான வண்டி வேண்டாம்

செஞ்சி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். விடுப்பில் ஊருக்கு வரும்போது எனக்காகப் பாறை ஏறும் ரிமோட் வண்டியான ராக் கிராலர் ஒன்று வாங்கி வருவதாகவும், பெட்டியைத் திறந்து பேட்டரியை மாட்டியவுடன் ஓடக்கூடிய வண்டியாகவே பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த வயதில் அம்மா திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நீ எண்ணியிருப்பாய். ஆனால் பாலிடெக்னிக் பட்டறையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பல்சக்கரம் சொல்லிக் கொடுத்தவளுக்கு, யாரோ கோத்து முடித்த கியர் பெட்டியைக் கொடுத்தால் அவள் முதலில் செய்யப்போவது அதைப் பிரித்துப் பார்ப்பதுதான். ஆகவே தயார் வண்டி வேண்டாம். பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவே வாங்கி வா. எந்தக் கிட், ஏன் அது என்பதை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ஜப்பானில் நீ இருக்கும் ஹமமட்சுவும் டாமியா நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஷிசுவோகா நகரமும் ஒரே மாகாணத்தில்தான் இருக்கின்றன. 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மர பொம்மைகளுக்கும் பிறகு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் மாறி, 1976-இல் போர்ஷே 934 என்ற தன் முதல் ரிமோட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. மே மாதம் அந்த ஊரில் நடக்கும் ஹாபி ஷோவை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ரயிலேறினால் போய்விடக்கூடிய தொலைவில் இருந்துகொண்டு நீ இதுவரை எட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய பஜேரோ ரிமோட் வண்டியை நீயும் ஓட்டியிருக்கிறாய். அது 1990களின் தொடக்கத்தில் வந்த சிசி-01 என்ற சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அமைந்தது. பின்பக்கம் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில். முன்பக்கமோ சாலையில் ஓடும் கார்களைப்போல இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. மண் பாதையில் அது அழகாகத்தான் போகும். நம் ஊர்ப் பாறையில் ஏற்றும்போதுதான் சங்கதி வெளிப்படும். முன் இடச்சக்கரம் கல்லின் மேல் ஏறுகிறது; வலச்சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். ஆனால் அதன் கை அவ்வளவு தூரம் இறங்காது என்பதால் சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு விசிறி மாதிரி சுற்றும். டிஃபரென்ஷியல் என்பது எதிர்ப்பு குறைந்த பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும் கருவி என்பதால், கல்லைப் பிடித்திருக்கும் சக்கரம் அசையாமல் நிற்க, காற்றில் இருப்பது மட்டும் சுற்றுகிறது. பின் டிஃப்பைத் திறந்து உள்ளே சூடான பசையை ஊற்றி இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும்படி இறுக்கி வைத்தேன். இது அந்த வண்டி வைத்திருக்கும் பலரும் செய்வதுதான். அதனால் பின்பக்கம் உருப்பட்டது. முன்பக்கத்தின் அமைப்பே அப்படி என்பதால் அதற்கு மருந்தில்லை.

இப்போது நான் கேட்கும் சிசி-02 அந்தக் குறையைச் சரிசெய்ய வந்த வண்டி. ஏணிபோன்ற நீண்ட சட்டம், முன்னும் பின்னும் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில்கள், ஒவ்வொன்றையும் பிடித்திருக்கும் நான்கு இணைப்புக் கம்பிகள். ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் அதே தண்டு மறுபக்கச் சக்கரத்தைக் கீழே தள்ளும். அதாவது ஏறும் சக்கரமே இறங்கும் சக்கரத்துக்கு வேலை செய்கிறது. டிஃப்பைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. கையேட்டை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்துக்கொண்டு, வராத வண்டியை இரவெல்லாம் மனசுக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து வைத்தால் உங்கள் அப்பா ரசக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறார்.

உள்ளதைச் சொன்னால், பாறை ஏறுவதை மட்டும் கணக்கில் எடுத்தால் இதைவிட வல்லமையான வண்டிகள் இருக்கின்றன. இந்த விளையாட்டு வளர்ந்ததே அமெரிக்காவில்தான். அங்கே தொடக்கக்காலத்தில் பலர் டாமியாவின் கிளாட் பஸ்டரை, அதாவது 1987-இல் வந்த, இரண்டு மோட்டாரும் நான்கு சக்கரத் திருப்பமும் கொண்ட அந்தப் பெரிய டயர் வண்டியைப் பிரித்து, அதன் ஆக்ஸில்களை வைத்தே தங்கள் கிராலர்களைக் கட்டினார்கள். பின்னர் ஆக்ஸியல் போன்ற நிறுவனங்கள் பாறைக்கென்றே கிட்டுகளைக் கொண்டுவந்தன. 2017-இல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, ஓட்டும்போதே ரிமோட்டிலிருந்து டிஃப்பைப் பூட்டவும் திறக்கவும் முடிகிற, இரண்டு வேக கியரும் போர்ட்டல் ஆக்ஸிலும் கொண்ட வண்டி. போர்ட்டல் என்றால், ஆக்ஸில் தண்டு சக்கரத்தின் நடுவில் நேராகப் போய்ச் சேராமல் சற்று மேலே நின்றுவிடும். அங்கிருந்து சக்கரத்தின் அருகிலேயே இருக்கும் ஒரு சோடிப் பல்சக்கரம் சுழற்சியைக் கீழே இறக்கிக் கொடுக்கும். இதில் இரண்டு லாபம். ஆக்ஸிலின் அடிவயிறு உயர்வதால் கல்லில் மாட்டாது. கடைசிக் குறைப்பு சக்கரத்தின் அருகிலேயே நடப்பதால் உள்ளே இருக்கும் தண்டுகளின் மேல் முறுக்கு குறைவு, அதனால் திடீரென்று வேகம் கொடுக்கும்போது வண்டி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வதும் குறைகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் சிசி-02 என்று கேட்பாய். எல்லாம் உள்ள வண்டியில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எது எங்கே குறைகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிக்கட்டி, அதே பாறையில் மறுபடி ஏற்றிப் பார்ப்பதுதான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பகுதி. தயார் வண்டியில் ஒரு கியர் தேய்ந்தால், அது என்ன சத்தம் போட்டது, இடைவெளியை நிரப்பும் எந்த மெல்லிய வளையம் (ஷிம்) விட்டுப்போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? கையால் பூட்டியதென்றால் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

மேல்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிசி-02-இல் மெர்சிடிஸ் ஜி500-உம் இருக்கிறது, யுனிமோக் 406-உம் இருக்கிறது. நீ ஜி500-ஐத்தான் கையில் எடுப்பாய். எனக்கு யுனிமோக்தான் வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் உழவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்டு, 1948-இல் வெளி உலகுக்கு வந்த வண்டி அது. முதல் யுனிமோக்கின் சக்கர அகலத்தையே இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்தும்படி வைத்தார்கள். பயிரை மிதிக்காமல் மேலே நின்று போவதற்காக அதற்குப் போர்ட்டல் ஆக்ஸிலும் போட்டார்கள். இன்றைக்குக் கிராலர்காரர்கள் கொண்டாடும் அந்த ஆக்ஸில் வயற்காட்டு வேலைக்காகவே யுனிமோக்கில் அமைந்தது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வேடிக்கை என்னவென்றால், டாமியாவின் யுனிமோக்கில் அந்தப் போர்ட்டல் கிடையாது. ஜி500-இன் அடியில் இருக்கும் அதே ஆக்ஸில்தான் இதற்கும். போகட்டும். கேபின் உயரம் என்பதால் பக்கச் சரிவில் சாயப் பார்க்கும் என்பதும் தெரியும். அதற்கு வைத்தியம் இருக்கிறது: நம் தெருமுனை டயர் கடையில் வீல் பேலன்ஸ் செய்ய ஒட்டும் ஈயக்கட்டிகளைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவற்றை முன்சக்கர ரிம்மின் உள்வட்டத்தில், டயருக்குள் மறையும்படி ஒட்டிவிட்டால் எடை கீழேயும் முன்னாலும் இறங்கும். ஏற்றத்தில் வண்டி பின்னால் மல்லாந்துவிடாமல் இருப்பதற்கும் அதுவே காவல். சேசிஸின் மேல் எவ்வளவு எடை வைத்தாலும் இந்தப் பயன் வராது. சக்கரத்தில் இருக்கும் எடையை ஸ்பிரிங் தூக்க வேண்டியதில்லை.

மோட்டாரைப் பற்றி நீ கவலைப்படாதே. கிட்டுடன் வரும் 540 மோட்டார் நம் வேலைக்கு வேகம் அதிகம். ஒரே அளவு மோட்டாரில் கம்பிச்சுற்று கூடக்கூட வேகம் குறைந்து, மெதுவாக நகர்த்தும் பிடி கைக்கு வரும். பாறைக்கு 35, 45, 55 சுற்று என்று போவார்கள். 45 சுற்று மோட்டார் ஒன்றும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், கிராலருக்கென்றே உள்ள இ.எஸ்.சி. ஒன்றும் சென்னையில் ஒரு ஹாபி கடையில் வாங்கி வைத்துவிட்டேன். அந்த இ.எஸ்.சி.யில் டிராக் பிரேக் இருக்கிறது: விரலை எடுத்த கணமே மோட்டார் பிடித்துக்கொள்ளும், செங்குத்தான கல்லின் பாதியில் வண்டி அப்படியே நிற்கும். பழைய பஜேரோவில் விரலை எடுத்தால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடும் அல்லவா, அந்தத் தொல்லை இனி இல்லை. டயரை மட்டும் முதல் நாளே மாற்ற மாட்டேன். பெட்டியில் வருவதைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் 1.9 அங்குல ரிம்மில் மென்மையான ரப்பர் டயர் போடுவேன். எது எவ்வளவு மாற்றம் தருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இதை வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

இடமும் பார்த்து வைத்தாயிற்று. கோட்டை மலைகளின் பக்கம் போகப்போவதில்லை; அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. திருவண்ணாமலைச் சாலையில் போகும்போது இடப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் உருண்டைப் பாறைகள் உனக்கு நினைவிருக்கும். அங்கே வண்டியின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓர் இடுக்கு, அதைத் தாண்டினால் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி, படியின் விளிம்பு மழையில் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. விளிம்பைத் தவிர மற்ற இடமெல்லாம் கருங்கல்லின் சொரசொரப்பு உப்புத்தாள்போலப் பிடிக்கும். அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் பஜேரோ தோற்றது. காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும்; ஆடு மேய்க்க வரும் பெரியவர் ஒருவர், இது எதற்குப் பயன்படும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

இனி நீ செய்ய வேண்டியவை. கிட்டுடன் ஜப்பானியத் திருப்புளி ஒன்றும் வாங்கி வா. டாமியாவின் ஸ்குரூக்களில் இருக்கும் சிலுவை வெட்டு ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் அமைந்தது. நம் ஊர்ப் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். வெஸல் என்ற பெயரில் இரண்டாம் எண் அளவு கிடைத்தால் போதும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று அச்சிட்டிருப்பார்கள். பால் பேரிங் சேர்ந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள், இல்லையென்றால் முழு செட்டாகத் தனியே வாங்கிவிடு. பிளாஸ்டிக் புஷ்ஷில் மண்தூசி புகுந்தால் ஒரே கோடையில் தண்டைத் தின்றுவிடும்.

பெயின்ட் வாங்காதே. மேல்கூடு ஒளிபுகும் பாலிகார்பனேட். அதற்கு உள்பக்கத்திலிருந்து அடிக்கும் பெயின்ட் ஸ்பிரே டின்னில்தான் வரும், அந்த டின்னை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சென்னைக் கடையிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்குவதானால் 7.4 வோல்ட்டில் 4000 எம்ஏஎச் போதும், 29.6 வாட்-மணிதான் ஆகிறது, 100 வரை கைப்பையில் கொண்டுவரலாம். ஆனால் பெரிய பெட்டியில் வைத்து உள்ளே போட்டுவிடாதே. முனைகளில் டேப் ஒட்டி, கையோடு வைத்துக்கொள்.

சூட்கேஸில் இடம் போதவில்லை என்று அட்டைப் பெட்டியைப் பிரித்துவிடலாமா என்று யோசிப்பாய். பிரித்தாலும் பாகங்கள் இருக்கும் சின்னப் பைகளை மட்டும் கிழிக்காதே. ஏ, பி, சி என்று பை வாரியாகத்தான் கையேடு போகிறது. எல்லாம் ஒன்றாகக் கொட்டிப்போனால் எந்த ஸ்குரூ எந்தப் படிக்கு என்று பிரிப்பதற்கே உன் விடுப்பு முடிந்துவிடும். கியர் பெட்டிகளை நான் பூட்டுகிறேன், ஷாக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக் குமிழி போக்கும் வேலை உன்னுடையது. உன் கை என் கையைவிட ஆடாமல் நிற்கும்.

நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. யுனிமோக்குக்குப் பச்சைதான் பொருத்தம் என்று அப்பா சொல்கிறார், எனக்கு ஆரஞ்சில் ஓர் ஆசை. பாறைக்கு நடுவில் தூரத்திலிருந்தே தெரியும். உள்பக்கத்திலிருந்து அடிப்பதால் கறுப்புப் பகுதிகளை முதலில் அடித்துவிட்டுத்தான் ஆரஞ்சுக்கு வர முடியும், அதனால் எவ்வளவு கறுப்பு, எங்கே என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து டின்களைச் சொல்ல வேண்டும். இந்த வாரத்துக்குள் உன் விருப்பத்தை எழுது.

அன்புடன்,
அம்மா